ஆறு வருட வேலை உங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது?

கேள்வி: எனக்கு 33 வயது. பி.காம். படித்திருக்கிறேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் 2015 முதல் 2021 வரை அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருந்தேன். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டேன். இந்த ஜூனில் மகளை எல்.கே.ஜி. சேர்த்தாயிற்று. மறுபடி வேலைக்குப் போகலாம் என்று ஆறு மாதமாக முயற்சி செய்கிறேன்.

நௌக்ரியில் பழைய ரெஸ்யூமேயை ஏற்றினேன். ஒரு கம்பெனியும் கூப்பிடவில்லை. வந்த இரண்டு அழைப்பும் 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டினால் வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலை என்று சொன்னவைதான். என் கூடப் படித்த தோழி கோவையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். "லிங்க்ட்இன்ல இல்லாட்டி இப்ப யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்கடி" என்கிறாள். கணக்கைத் தொடங்கிவிட்டேன். உள்ளே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அங்கே எல்லாரும் பெரிய பெரிய சாதனையாகப் போடுகிறார்கள். நான் செய்தது பில் போடுவது, பேங்க் கணக்கைச் சரிபார்ப்பது, மாதாமாதம் ஆடிட்டர் ஆபீஸுக்கு ஜிஎஸ்டி விவரம் எடுத்துக் கொடுப்பது, நிட்டிங், டையிங் ஆட்களின் ஜாப்ஒர்க் பில்லைப் பார்ப்பது, இவ்வளவுதான். ஒரு தடவை டையிங்காரர் ஒருவர் எங்களுக்குப் போட்ட பில்களை அவருடைய ரிட்டர்னில் காட்டாமல் விட்டுவிட்டார். 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் இன்புட் வராமல் நின்றது. மூன்று மாதம் விடாமல் துரத்தி வர வைத்தேன். அதெல்லாம் எழுதுகிற விஷயமா?

இங்கிலீஷ் படித்தால் புரியும், எழுத வராது. போட்டோவை நெட்டில் போடுவது மாமியாருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பயம்தான். நான்கு வருட இடைவெளியைச் சொல்வதா, மறைப்பதா? என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஆன்லைன் பக்கமெல்லாம் நிஜமாகவே உதவுமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பல்லடம்)

பதில்: "அதெல்லாம் எழுதுகிற விஷயமா" என்று நீங்கள் கேட்ட வரிக்குக் கீழே கோடு போட்டு வைத்திருக்கிறேன். உங்களை வேலைக்கு எடுக்கப்போகிற முதலாளியோ ஆடிட்டரோ இன்று தேடிக்கொண்டிருப்பது அந்த வரியில் இருக்கிற ஆளைத்தான். கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த ரெஸ்யூமேயையும் படித்தேன். இரண்டு பக்கத்தில் எங்கேயும் அந்த வரி இல்லை. உங்கள் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. லிங்க்ட்இன்னில் இல்லை.

ஆள் எடுக்கும் மேஜையின் இந்தப் பக்கத்தில் 18 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் திரையில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

நௌக்ரியில் உங்களுக்குத் தெரியும் பக்கம் வேறு, பணம் கட்டி ஆள் தேடும் கம்பெனிக்குத் தெரியும் பக்கம் வேறு. திருப்பூரில் ஒரு அக்கவுண்டன்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடல் பெட்டியில் நான்கைந்து சொற்களைத் தட்டுவேன்: ஜிஎஸ்டி, டேலி பிரைம், டிடிஎஸ், பேங்க் ரிகன்சிலியேஷன். அடுத்து ஊர், எத்தனை வருட அனுபவம், என்ன சம்பளம் எதிர்பார்க்கிறார், எத்தனை நாளில் சேர முடியும். கடைசியில் ஒரு சல்லடை இருக்கிறது. சமீபத்தில் தன் கணக்குக்குள் வந்து போனவர்களை மட்டும் காட்டு என்று கேட்கலாம். ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் அதைப் போட்டுவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு முன் ஏற்றிவிட்டு எட்டிப் பார்க்காதவர் வேலையில் சேர்ந்திருப்பார் என்றுதான் நினைப்போம்.

உங்கள் ரெஸ்யூமே இந்தச் சல்லடையில் எங்கே நின்றது? "அக்கவுண்ட்ஸ் மெயின்டனன்ஸ்" என்று ஒரு வரி. "டேலி இஆர்பி 9" என்று ஒரு வரி. அதற்கு மேலே, சவாலான சூழலில் பணிபுரிந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிப்பேன் என்று நான்கு வரி உறுதிமொழி. ஜிஎஸ்டி என்ற சொல் ஒரே ஒரு இடத்தில், அதுவும் கம்ப்யூட்டர் கோர்ஸ் பெயருக்குள். நான் தட்டிய சொற்களுக்கு நீங்கள் திரையில் வரவே இல்லை. உங்களை யாரும் வேண்டாமென்று ஒதுக்கவில்லை, யாரும் பார்க்கவே இல்லை. தயவுசெய்து இந்த ஆறு மாத மௌனத்தை உங்கள் திறமைக்கு விழுந்த மார்க் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி எழுத வேண்டியது. உங்கள் கடிதத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்கிறேன். சப்ளையர்கள் காட்டிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியலான 2பியின் பெயரை மட்டும் சேர்த்திருக்கிறேன்.

"டையிங் ஜாப்ஒர்க் பில்களை ஜிஎஸ்டிஆர்-2பியுடன் ஒப்பிட்டு, சப்ளையர் காட்டாமல் விட்டிருந்த 1.8 லட்ச ரூபாய் உள்ளீட்டு வரியைக் கண்டுபிடித்து, மூன்று மாதம் பின்தொடர்ந்து மீட்டேன்."

இதைப் படிக்கிற ஏற்றுமதியாளருக்கு மூன்று விஷயம் ஒரே மூச்சில் தெரிகிறது. இந்தப் பெண்ணுக்கு 2பி பார்க்கத் தெரியும். வித்தியாசம் வந்தால் ஆடிட்டர் சொல்லட்டும் என்று சும்மா இருக்க மாட்டார். டையிங்காரரிடம் சண்டை போடாமல் வேலை வாங்கத் தெரிந்தவர். நம் ஊரில் ஜாப்ஒர்க் ஆட்களோடு உறவு கெடாமல் காசை வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று எந்த முதலாளிக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது நீங்கள் சீட்டில் இருந்திருக்கிறீர்கள். வாட் கணக்கிலிருந்து ஜிஎஸ்டிக்கு மாறிய அந்த மாதங்களில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்களில் விளக்கு அணையாமல் எரிந்ததை நேரில் பார்த்தவன் நான். பழைய இருப்பைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஜிஎஸ்டி எண் வாங்கி, லெட்ஜர்களைப் புதிதாகத் திறந்தவர்களில் நீங்களும் ஒருவர். "வாட்டிலிருந்து ஜிஎஸ்டிக்கு மாறிய பணியில் நேரடி அனுபவம்." எழுதுங்கள். அது சாதனையா இல்லையா என்பதைப் படிப்பவர் முடிவு செய்யட்டும்.

லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனுக்கு 220 எழுத்து இடம் தருகிறார்கள். "வேலை தேடுகிறேன்" என்று அதை வீணாக்காதீர்கள். "அக்கவுண்டன்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், 2பி ரிகன்சிலியேஷன், டேலி பிரைம், பின்னலாடை ஏற்றுமதி, 6 வருட அனுபவம், திருப்பூர்." இதையே ஆங்கில எழுத்தில் போடுங்கள், ஏனென்றால் தேடுகிறவர் ஆங்கிலத்தில்தான் தட்டுவார். வாக்கியமே வேண்டாம், சொற்கள் போதும். நௌக்ரியிலும் ரெஸ்யூமே ஹெட்லைன் என்று இடம் இருக்கிறது, அங்கேயும் இதே வரி. வேலை தேடுவதைச் சொல்ல லிங்க்ட்இன்னில் "ஓப்பன் டு ஒர்க்" என்று தனியாக வசதி உண்டு. ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படியும் வைக்கலாம், எல்லாருக்கும் தெரியும்படியும் வைக்கலாம். வேலையில் இருந்துகொண்டே தேடுகிறவர்கள்தான் மேலாளர் கண்ணில் படுமே என்று யோசிக்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தடை இல்லை, எல்லாருக்கும் தெரியட்டும்.

இங்கிலீஷ் பற்றி. வேலை விவரத்தை முதலில் தமிழில், கடிதத்தில் எழுதியது போலவே, நான்கு வரி எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் ஆறேழு சொல்லுள்ள ஆங்கில வரியாக மாற்றுங்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துத் தரட்டும். சாட்ஜிபிடியிடம் பிழை திருத்தக் கேட்பதிலும் தவறில்லை. ஆனால் "எனக்கு ஒரு ப்ரொஃபைல் எழுதிக் கொடு" என்று மட்டும் கேட்காதீர்கள். சென்ற வருடம் நேர்காணலுக்கு வந்த ஒரு பெண்ணின் ரெஸ்யூமேயில் மிடுக்கான ஆங்கிலச் சொல் ஒன்று, ஒரு திட்டத்தையே முன்னின்று நடத்தினார் என்ற பொருளில் இருந்தது. "என்ன திட்டம்மா அது?" என்று கேட்டேன். அந்தச் சொல்லுக்கே அவருக்கு அர்த்தம் தெரியவில்லை. முகம் வாடிப்போயிற்று. அதற்குப் பிறகு கேட்ட கணக்குக் கேள்விகளுக்குக்கூட, தெரிந்த பதிலைச் சொல்ல முடியாமல் தடுமாறினார். நன்றாக வேலை பார்ப்பவர் என்று அவருடைய பழைய ஆபீஸில் பின்னால் விசாரித்தபோது தெரிந்தது. உங்கள் பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு சொல்லும் நேர்காணலில் உங்கள் வாயிலிருந்து தானாக வருகிற சொல்லாக இருக்கட்டும்.

பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு இது வருகிறது, யாரும் சொல்லித் தருவதில்லை. லிங்க்ட்இன் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். டிகிரி சர்டிஃபிகேட்டில் அப்பாவின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய ஆதாரில் கணவரின் இனிஷியல், பேங்க் பாஸ்புக்கில் கணவரின் முழுப் பெயரும் சேர்ந்து, ஃபேஸ்புக்கில் செல்லப் பெயர். ஆள் எடுப்பவர் சரிபார்க்கும்போது நான்கு பேர் போலத் தெரியும். உங்கள் ரெஸ்யூமேயிலேயே மேலே ஒரு இனிஷியல், கீழே கையெழுத்தில் வேறு இனிஷியல். டிகிரி சர்டிஃபிகேட்டில் இருக்கிற பெயரையே தொழில் பெயராக வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பெயர்க் கட்டத்தில் அந்த இனிஷியலைப் போடுங்கள், அது ஏற்றுக்கொள்ளும். நௌக்ரி, லிங்க்ட்இன், ரெஸ்யூமே, மின்னஞ்சல் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். சான்றிதழ் ஒரு பெயரிலும் ஆதார் இன்னொரு பெயரிலும் இருந்தால் வேலையில் சேரும்போது பி.எஃப். கணக்கில் இடிக்கும். அதற்கான திருத்தத்தை இப்போதே தொடங்கிவிடுங்கள், வேலை கிடைத்த பிறகு அலைய நேரம் இருக்காது.

போட்டோ. உங்கள் மாமியாரின் பயம் நியாயமானது, அதைப் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளிவிட மாட்டேன். பெண்களின் படங்களை எடுத்துத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். லிங்க்ட்இன்னில் உங்கள் படத்தை யார் பார்க்கலாம் என்று நீங்களே தீர்மானிக்கலாம். உங்களோடு இணைந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்க முடியும். இப்போதைக்கு அப்படி வையுங்கள். சுவரோரம் நின்று, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி, நீங்கள் ஆபீஸுக்கு உடுத்துகிற உடையில் ஒரு படம் போதும். ஸ்டுடியோ வேண்டாம். கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டிய படம் வேண்டாம். படம் போடவே மனம் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், கணக்கு வேலைக்கு முகம் முதல் தகுதி கிடையாது. படம் இருந்தால் இது நிஜ ஆள்தான் என்று ஒரு நம்பிக்கை வரும், அவ்வளவுதான் அதன் பயன்.

படத்தைவிட எனக்கு அதிகக் கவலை தந்தது உங்கள் ரெஸ்யூமேயின் கடைசிப் பக்கம். பிறந்த தேதி, அப்பா பெயர், கணவர் பெயர், கதவு எண்ணோடு முழு முகவரி, போதாததற்குப் பான் எண். இந்தக் காகிதம் எத்தனை கம்ப்யூட்டரில் இறங்கியிருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்றே எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். ஊர் பெயர், வேலைக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல், ஒரு போன் எண் போதும். பான், ஆதார், வங்கி விவரம் எல்லாம் வேலை உறுதியாகி, ஆபீஸுக்கு நேரில் போய் வந்த பிறகு கொடுக்க வேண்டியவை.

இடைவெளியை மறைக்காதீர்கள். 2021ஐ 2024 என்று மாற்றி எழுதச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். பி.எஃப். கணக்கைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு உங்கள் உண்மையான ஆறு வருடத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். லிங்க்ட்இன்னில் 2022இலிருந்து "கெரியர் பிரேக்" என்று தனிப் பகுதியே இருக்கிறது. குழந்தை வளர்ப்பு என்ற காரணத்தையும் அதில் தேர்ந்தெடுக்கலாம். "2021–2025, குழந்தை வளர்ப்பு. இப்போது முழுநேர வேலைக்குத் தயார்." ஒரே வரி. மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம். குழந்தையை வளர்த்ததற்கு யாரிடம் மன்னிப்பு?

முதலாளியின் மனதில் இருக்கிற கேள்வி வேறு. இந்த நான்கு வருடத்தில் மாறியதெல்லாம் இந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்பதுதான் அது. நிஜமாகவே நிறைய மாறியிருக்கிறது. 2020 நவம்பரில் வந்த டேலி பிரைம் இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது, இஆர்பி 9 என்று எழுதினால் பழைய ஆள் என்று படும். இ-இன்வாய்ஸ் 2021 ஏப்ரலில் 50 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று இருந்தது. 2023 ஆகஸ்டு முதல் 5 கோடியைத் தாண்டினாலே கட்டாயம், அதாவது திருப்பூரில் சின்ன கம்பெனிகள்கூட அதற்குள் வந்துவிட்டன. 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார்கள் என்ற தடம் இருந்தாக வேண்டும். 2024 அக்டோபரில் ஜிஎஸ்டி தளத்தில் ஐஎம்எஸ் வந்தது. சப்ளையர் போட்ட ஒவ்வொரு பில்லையும் ஏற்பதா, மறுப்பதா, நிறுத்தி வைப்பதா என்று அதில் சொல்லலாம். நீங்கள் மூன்று மாதம் போனில் துரத்திய வேலைக்குப் பக்கத்து வீட்டு வேலை இது. 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதமே மாறிவிட்டது. ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18.

இவற்றையெல்லாம்விட உங்கள் ஊருக்கு முக்கியமானது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவாக வந்த விதி. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் கொடுத்தாக வேண்டும். தாமதித்து அடுத்த நிதியாண்டில் கொடுத்தால், அந்தச் செலவை இந்த வருட லாபத்தில் கழிக்க முடியாது. 2023-24 நிதியாண்டிலிருந்து இது நடைமுறை. நிட்டிங், டையிங், பிரிண்டிங் என்று திருப்பூர் கம்பெனிகள் காசு கொடுக்க வேண்டியவர்களில் பலர் இந்த வகைதான். மார்ச் நெருங்கும்போது யார் யாருக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று பட்டியல் எடுத்துத் தருகிற ஆள் எந்தக் கம்பெனிக்கும் தேவை. ஜாப்ஒர்க் பில்லை ஆறு வருடம் பார்த்த உங்களுக்கு அந்தப் பட்டியல் ஒரு மதிய வேலை.

டேலி பிரைமைப் பழகக் காசு வேண்டாம். அவர்கள் தளத்திலிருந்து இறக்கி எஜுகேஷனல் மோடில் திறந்தால் சில தேதிகளில் மட்டும் பதிவு போட விடும், பழக அது போதும். ஒரு கற்பனைக் கம்பெனியைத் திறங்கள். நூல் வாங்கி, நிட்டிங்குக்கு அனுப்பி, டையிங்குக்கு அனுப்பி, பனியன் ஏற்றுமதி செய்தது வரை ஒரு மாதக் கணக்கைப் போடுங்கள். பிறகு சிறு, குறு ஜாப்ஒர்க் ஆட்களுக்கு நாள் கணக்கில் பாக்கிப் பட்டியலை எக்ஸெலில் செய்யுங்கள். அந்த எக்ஸெலைப் பிடிஎஃப் ஆக மாற்றி லிங்க்ட்இன்னில் வையுங்கள். டிசைனர்களும் புரோகிராமர்களும் தங்கள் வேலையைக் கண்ணால் காட்டுகிறார்கள், கணக்காளருக்குக் காட்ட எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் இதுவரை பார்த்த அக்கவுண்டன்ட் பக்கங்களில் இப்படி ஒரு கோப்பு வைத்திருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவர்களை எல்லாம் கூப்பிட்டுப் பேசியிருக்கிறேன்.

ஒரே ஒரு கட்டளை: பழைய கம்பெனியின் நிஜக் கணக்கிலிருந்து ஒரு வரிகூட வெளியே வரக் கூடாது. பார்ட்டி பெயரை அழித்துவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள், ஓரத்தில் ஜிஎஸ்டி எண் தெரியும். அந்த 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, நமக்கு 33. அடுத்த பத்தும் அந்த ஆளின் பான் எண். தனி முதலாளிக் கம்பெனி என்றால் அது அந்த மனிதரின் சொந்தப் பான். ஒருவர் கணக்கை வெளியே காட்டியவரை இன்னொருவர் தன் கணக்கில் உட்கார வைக்க மாட்டார்.

பதிவு எழுத வேண்டுமா என்றால், உங்களுக்கு அவசியமில்லை என்பேன். தினம் ஒரு தன்னம்பிக்கை வாசகம் போடுவதால் யாருக்கும் கணக்கு வேலை கிடைத்து நான் பார்க்கவில்லை. விருப்பம் இருந்தால் மாதம் ஒன்று, ஐஎம்எஸ்ஸில் பழகும்போது எங்கே தடுக்கியது, எப்படிச் சரி செய்தீர்கள் என்று ஆறு வரி. தமிழிலேயே எழுதலாம், திருப்பூர் ஆடிட்டர்களும் தமிழ் படிப்பவர்கள்தான். அதைவிட, ஊரில் உள்ள ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள், உங்கள் பழைய கம்பெனி மேனேஜர், கூட வேலை பார்த்தவர்கள் என்று ஐம்பது பேரோடு இணையுங்கள். பழைய மேனேஜரிடம் இரண்டு வரி பரிந்துரை எழுதித் தரக் கேளுங்கள். அந்த 1.8 லட்சம் அவருக்கும் நினைவிருக்கும்.

நிஜமாகவே உதவுமா என்று கேட்டீர்கள். திருப்பூர், பல்லடம் வட்டாரத்தில் அக்கவுண்ட்ஸ் வேலை இன்றைக்கும் பெரும்பாலும் வாய் வழியாகத்தான் நிரம்புகிறது. "நல்ல புள்ள யாராச்சும் இருந்தா சொல்லுங்க" என்று முதலாளி ஆடிட்டரிடம் சொல்வார், ஆடிட்டர் தன் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். உங்கள் ஆன்லைன் பக்கம் அந்த வழிக்குப் போட்டி இல்லை, துணை. ஆடிட்டர் உங்கள் பெயரைச் சொன்ன பத்தாவது நிமிடம் முதலாளியின் மகன் போனில் உங்கள் பெயரைத் தட்டுவான். அப்போது அவன் கண்ணில் என்ன படுகிறது என்பதற்குத்தான் இத்தனையும். கூகுளில் உங்கள் பெயரையும் ஊரையும் போட்டு நீங்களே ஒரு தடவை தேடிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ரெஸ்யூமே அனுப்பும்போது உங்கள் டிபியும் ஸ்டேட்டஸும் கூடவே போகின்றன, சொந்தக்காரர்களுக்குக் குத்தலாகப் போட்ட ஸ்டேட்டஸ் முதலாளிக்கும் தெரியும். கோப்பின் பெயர் "நியூ ரெஸ்யூமே ஃபைனல் 2" என்று இருந்தது. உங்கள் பெயர், அக்கவுண்டன்ட், திருப்பூர் என்று மாற்றி, பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். வரிசையில் நௌக்ரி முதலில், லிங்க்ட்இன் அடுத்து. அரசின் தனியார் துறை வேலை இணையதளத்திலும் காசில்லாமல் பதியலாம், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

2,500 ரூபாய் கேட்டவர்கள் மோசடிக்காரர்கள். சந்தேகமே வேண்டாம். வேலை கொடுக்கிறவர் உங்களுக்குப் பணம் தருவார், உங்களிடம் வாங்க மாட்டார். வீட்டிலிருந்து வேலை என்று தேடுகிற பெண்களைக் குறிவைத்து இந்தக் கூட்டம் அலைகிறது. கணக்குத் தெரிந்தவர் என்றால் இன்னொரு வலையும் விரிப்பார்கள்: "உங்க அக்கவுண்ட்ல பணம் வரும், நாங்க சொல்ற அக்கவுண்டுக்கு மாத்தி விடுங்க, கமிஷன் தர்றோம்." அது திருட்டுப் பணம். போலீஸ் வந்தால் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல், தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, பணத்தை நடுவழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

இன்று இரவு மகள் தூங்கிய பிறகு முதலில் பழைய ரெஸ்யூமேயை நௌக்ரியிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த இரண்டு வாரம் டேலி பிரைமும் அந்த எக்ஸெலும். பிறகு பக்கத்தை எழுதி முடித்து, வாரத்துக்கு இரண்டு தடவை நௌக்ரிக்குள் போய் வாருங்கள். ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் கம்பெனிகளுக்கும் ரெஸ்யூமே அனுப்புகிற நாளை மட்டும் பார்த்து வையுங்கள். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி ரிட்டர்னுக்குக் கெடு. அந்தப் பத்து நாள் யாரும் புது ஆளின் காகிதத்தைத் திறக்க மாட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும். 21ஆம் தேதி காலையில் அனுப்புங்கள்.